மேல் எங்காடின் பள்ளத்தாக்கின் சரளைப் பாதைகள்: முதன்முறை சைக்கிளில் செல்பவருக்கான வழிகாட்டி

சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கில், கிராவ்புண்டன் மாநிலத்தில் உள்ள மேல் எங்காடின் பள்ளத்தாக்குக்குச் சைக்கிளோடு செல்பவர், வரைபடத்தை விரிப்பதற்கு முன்பு அந்த ஊர்க் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. மலைப் பள்ளத்தாக்குகளில் பொதுவாகப் பகல் நேரக் காற்று கீழிருந்து மேல் நோக்கி வீசும். இங்கோ அது தலைகீழாக நடக்கிறது. மேற்குக் கோடியில் உள்ள மலோயா கணவாய்க்கு அப்பால் நிலம் சட்டென்று ஆழமாக இறங்குவதால், அங்கே சூடாகும் காற்று கணவாயைத் தாண்டி வந்து, எங்காடினுக்குள் மேலிருந்து கீழாக, அதாவது தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் பாய்கிறது. உள்ளூரில் இதற்கு மலோயா காற்று என்றே பெயர். வெயிலடிக்கும் கோடை நாளில் நண்பகலை ஒட்டி எழுந்து, மாலை சாய்ந்த பிறகே இது அடங்கும்.

நான் முதன்முறை சென்றபோது இது தெரியாது. காலையில் சில்ஸ் கிராமத்திலிருந்து கிளம்பி, ஆற்றோடு கீழே கீழே என்று மகிழ்ச்சியாக இறங்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே வழியில் திரும்பினேன். இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று போட்ட கணக்கு நான்கரை மணி நேரமாக நீண்டது. சமதரையில் ஏற்றத்துக்கான கியரைப் போட்டுக்கொண்டு மிதித்ததை நினைத்தால் இன்றும் தொடை வலிக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் காலையில் மேற்கு நோக்கி ஏறுங்கள், மதியத்துக்கு மேல் கிழக்கு நோக்கி இறங்குங்கள். கீழே வரும் திட்டங்கள் இந்தக் கணக்கின்மீதுதான் நிற்கின்றன.

இடத்தைப் பற்றி

மலோயாவில் 1,815 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பள்ளத்தாக்கின் தரை, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி ஷ்சான்ஃப் கிராமத்துக்கு வரும்போதும் 1,650 மீட்டருக்குக் கீழே போவதில்லை. இவ்வளவு உயரத்தில் இவ்வளவு சமமான நிலம் ஆல்ப்ஸ் மலையில் அரிது. சரளைப் பாதையில் புதிதாகச் சைக்கிள் ஓட்டுபவருக்கு இந்த இடத்தைப் பரிந்துரைப்பதற்கு அதுவே முதல் காரணம். 1969 முதல் நடந்துவரும் எங்காடின் பனிச்சறுக்கு மாரத்தான், மலோயாவிலிருந்து ஷ்சான்ஃப் வரை இதே தரையில்தான் ஓடுகிறது. ரோமன்ஷ் மொழியில் 'என்' என்றும் ஜெர்மனில் 'இன்' என்றும் அழைக்கப்படும் ஆறு, ஏரிகளைக் கோத்துக்கொண்டு நடுவில் செல்கிறது. வரைபடத்தில் 'லேய்' என்று வந்தால் ஏரி, 'காட்' என்று வந்தால் காடு, 'வால்' என்று வந்தால் பள்ளத்தாக்கு. கடைசிச் சொல்லைத் தமிழில் படித்துவிட்டுச் சிரிக்காதவர் இல்லை.

மோட்டார் வண்டிகள் இல்லாத பாதை என்பதற்கு இங்கே என்ன பொருள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாதைகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்காகப் போடப்பட்டவை அல்ல. மரம் வெட்டிக் கொண்டுவரும் காட்டுச் சாலை, கோடை மேய்ச்சல் நிலத்துக்குப் போகும் மாட்டுப் பாதை, வெள்ளத் தடுப்புக் கரை, குதிரை வண்டிச் சாலை என்று ஒவ்வொன்றுக்கும் வேறு பிழைப்பு உண்டு. பொது வாகனங்களுக்கு அவற்றை மூடி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அனுமதி பெற்ற டிராக்டரோ உணவு விடுதிக்குச் சாமான் ஏற்றிச் செல்லும் சிறு வேனோ எப்போதாவது எதிரே வரும். நடப்பவர்களும் குதிரைகளும் மாடுகளும் எப்போதும் இருப்பார்கள். ஆகவே கார்களுக்குப் பயப்படும் வேலை போய்விடுகிறது. மற்றவர்களைப் பயமுறுத்தாமல் ஓட்டும் வேலை வந்து சேர்கிறது.

எப்போது செல்வது

ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை என்று வைத்துக்கொள்ளலாம். மே மாதத்தில் நிழலான காட்டுப் பகுதிகளில் பனி கிடக்கும். பனி உருகிய ஈரத்தில் சரளை சேறாகியிருக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மலர்கள் நிறைந்திருக்கும், கூட்டமும் நிறைந்திருக்கும், பிற்பகலில் இடிமழைக்கும் வாய்ப்பு உண்டு. என்னுடைய தேர்வு செப்டம்பர் பிற்பாதி தொடங்கி அக்டோபர் முதல் வாரங்கள் வரை. அப்போது லார்ச் மரங்கள் ஊசி இலைகள் உதிர்வதற்கு முன்பு மஞ்சளாகிப் பொன்னாக நிற்கும். பாதையும் காய்ந்து கெட்டியாக இருக்கும். எந்த மாதமானாலும் காலைக் குளிரைக் குறைத்து எண்ண வேண்டாம். ஜூலையிலும் விடியற்காலையில் வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இருப்பது சாதாரணம்; ஆகவே முழு விரல் கையுறையும் காற்றுத் தடுக்கும் மெல்லிய மேற்சட்டையும் பையில் இருக்க வேண்டும். இந்த உயரத்தில் வெயிலும் கடுமையானது. காற்று குளிர்ந்திருப்பதால் தோல் சுடுவது மாலை வரை தெரியாது.

சைக்கிளும் ரயிலும்

சூரிச்சிலிருந்து ரயிலில் கூர் வழியாகவோ, வெரைனா சுரங்கத்தின் வழியாகவோ சமேடன் நிலையத்துக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். கூர் வழியாக வந்தால், 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் ஆல்புலா ரயில் பாதையைக் கூடுதல் செலவின்றிப் பார்த்துவிடலாம். சைக்கிளுக்குத் தனிப் பயணச்சீட்டு வாங்க வேண்டும். சைக்கிள் படம் ஒட்டிய பெட்டிக் கதவைத் தேடி ஏறி, வண்டியை நாமேதான் மாட்ட வேண்டும். பெரிய கண்ணாடிச் சன்னல் போட்ட சுற்றுலா விரைவு ரயில்களை நம்பாமல் சாதாரண ரயில்களில் ஏறுங்கள். கோடை வார இறுதிகளில் சைக்கிள் இடம் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், வெள்ளிக்கிழமை மாலையைவிட வியாழக்கிழமை வந்துவிடுவது நிம்மதி.

சொந்தச் சைக்கிள் இல்லாதவர்கள் சாங்க்ட் மோரிட்ஸ், பொன்ட்ரெசினா போன்ற ஊர்களில் வாடகைக்கு எடுக்கலாம். கடைகளில் மலைச் சைக்கிள்களும் மின்சாரச் சைக்கிள்களும் எளிதில் கிடைக்கும். வளைந்த கைப்பிடியுள்ள கிராவல் சைக்கிள் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். 70 கிலோ எடையுள்ளவர், டியூப் போட்ட 40 மில்லிமீட்டர் டயரில் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. வரை காற்று வைத்துத் தொடங்கலாம். சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் டயரைக் கல்லாக இறுக்கிக்கொண்டு வந்து, முதல் இறக்கத்திலேயே கை அதிர்ந்து, சைக்கிளைக் குறை சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காற்றைச் சற்றுக் குறைத்தால் பாதை மாறிவிட்டதுபோல இருக்கும். மாற்று டியூப், பம்பு, டயர் நெம்பி, அறுகோணச் சாவி ஆகியவை கட்டாயம். பக்கப் பள்ளத்தாக்கில் டயர் பஞ்சரானால் கடைக்கு நடந்துதான் வர வேண்டும்.

அடையாளப் பலகைகளைப் படிப்பது

இதைப் பயணத்துக்கு முன்பே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் வழிகளுக்குச் சிவப்புப் பலகை, நடைவழிகளுக்கு மஞ்சள் பலகை. ஆற்றோரமாகச் செல்லும் இன் சைக்கிள் பாதைக்கு 65 என்ற எண். சிவப்புப் பலகையில் அந்த எண்ணைத் தொடர்ந்து போனால் வழி தவறாது. வட்டமான வெள்ளைப் பலகையில் சிவப்பு விளிம்பு, உள்ளே படம் எதுவும் இல்லை என்றால் அது எல்லா வண்டிகளுக்கும் தடை. சைக்கிளும் அதில் அடங்கும். அதே வட்டத்துக்குள் காரும் மோட்டார் சைக்கிளும் வரையப்பட்டிருந்தால் தடை அவற்றுக்கு மட்டும்தான். மிதிவண்டி தாராளமாகப் போகலாம். வெற்று வட்டத்துக்குக் கீழே 'வெலோ கெஷ்டாட்டெட்' என்ற சிறு பலகை இருந்தால், சைக்கிளுக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள் என்று பொருள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், அனுமதியுள்ள நல்ல பாதையை விட்டுவிட்டு நெடுஞ்சாலையில் போய்ச் சிரமப்படுகிறவர்களும் உண்டு, தடையுள்ள பாதையில் நுழைந்து திட்டு வாங்குகிறவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்து அரசின் நிலவரைபடச் செயலியைக் கைபேசியில் இறக்கி, செல்லும் பகுதியின் வரைபடத்தை முன்பே சேமித்துக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தெரியும்.

முதல் நாள்: ஸ்டாட்ஸ் காடு

வந்து இறங்கிய நாளில் நீண்ட தூரம் வேண்டாம். உயரத்துக்கு உடம்பு பழகவும், சரளையில் டயர் எப்படி நடந்துகொள்கிறது என்று கை அறியவும் ஒரு சிறு சுற்று போதும். பொன்ட்ரெசினா நிலையத்துக்குப் பின்புறம் ஆரம்பிக்கும் காட்டுச் சாலை, லார்ச், ஆரோலா பைன் மரங்களுக்கு இடையே சென்று, 1,809 மீட்டர் உயரத்தில் உள்ள லேய் ட ஸ்டாட்ஸ் என்ற சிறிய ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து செலெரினாவுக்கு இறங்கி, லேசாக ஏறும் வழியில் பொன்ட்ரெசினாவுக்குத் திரும்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இந்தக் காட்டில் இரண்டு பழக்கங்களைக் கைக்குக் கொண்டுவாருங்கள். தளர்ந்த சரளையில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் வழுக்கும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அடுத்தது, சக்கரத்துக்கு அடியில் பார்க்காமல் பத்து மீட்டர் முன்னால் பார்ப்பது. கண் எங்கே போகிறதோ அங்கேதான் சைக்கிளும் போகும். கல்லையே பார்த்தால் கல்லில்தான் ஏறும்.

இரண்டாம் நாள்: ஆற்றோடு மேல்நோக்கி

காலை ரயிலில் சைக்கிளோடு ஷ்சான்ஃப் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சில்ஸ் வரை, சுமார் 35 கிலோமீட்டர் மேற்கு நோக்கி வருவதுதான் நான் சொல்லும் திட்டம். மொத்தத்தில் 130 மீட்டர் அளவுக்குத்தான் உயர்கிறோம் என்பதால், ஒரே ஓர் இடத்தைத் தவிர ஏற்றம் தெரியவே தெரியாது. ஊர்களுக்கு அருகில் சில இடங்களில் தார் வரும். மற்றபடி கெட்டித்த வெண்சாம்பல் சரளை. மடுலைன், லா புந்த், பேவர் என்று கிராமங்கள் அடுத்தடுத்து வருவதால் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் கவலையில்லை. தெருவோரக் கல்தொட்டிகளில் விழும் நீரைக் குடிக்கலாம். 'கைன் ட்ரிங்க்வாஸர்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. வால்நட்டும் காய்ச்சிய சர்க்கரையும் அடைத்த எங்காடின் பருப்புக் கேக்கில் ஒரு துண்டு, பத்து கிலோமீட்டருக்குத் தாங்கும்.

பேவருக்கும் சமேடனுக்கும் இடையில் ஆற்றுச் சமவெளி விரிகிறது. வெள்ளத்திலிருந்து சமேடன் ஊரைக் காப்பதற்காக, பொன்ட்ரெசினா பக்கமிருந்து வரும் ஃப்ளாட்ஸ் ஆற்றையே 2000-களின் முற்பாதியில் ஊருக்கு வெளியே புதிய படுகைக்கு மாற்றி ஓடவிட்டார்கள்; நாம் சைக்கிள் ஓட்டும் கரைப் பாதைகளில் சில அந்த வேலையை ஒட்டியவை. பக்கத்தில் விமானத் தளம் இருப்பதால், தலைக்கு மேலே சத்தமில்லாமல் கிளைடர் ஒன்று தாண்டிப் போகக்கூடும்.

செலெரினாவைத் தாண்டியதும், இந்த நாளின் ஒரே உண்மையான ஏற்றம் வருகிறது. சாங்க்ட் மோரிட்ஸ் ஏரியிலிருந்து ஆறு ஒரு குறுகிய மலையிடுக்கு வழியாக இறங்குவதால், நாம் காட்டு வழியாக ஏறத்தாழ 50 மீட்டர் ஏறி ஏரிக்கரையை அடைய வேண்டும். மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள், கேட்பார் யாருமில்லை. ஏரியின் தென்கரை வழியாகச் சாங்க்ட் மோரிட்ஸ் பாட் பகுதிக்கு வந்து, மறுபடி காட்டுச் சாலையில் சுர்லேய் சென்று, சில்வாப்லானா ஏரியின் தென்கரைப் பாதையைப் பிடித்தால் சில்ஸ் வரை நெடுஞ்சாலையைத் தொட வேண்டியதில்லை. நெடுஞ்சாலை ஏரியின் எதிர்க்கரையில் ஓடுகிறது; அங்கிருந்து வரும் இரைச்சல் காற்றில்லாத காலையில் மெலிதாகக் கேட்கும்.

இந்த ஏரிக்கரையில், பதினொன்றரை மணிக்குச் சற்று நின்று தண்ணீரைக் கவனித்துப் பாருங்கள். காலை முழுவதும் மலையைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டிருந்த நீரில், மேற்கு மூலையில் ஒரு கருநீலக் கோடு தோன்றும். அது மெல்ல அகன்று நம் பக்கம் நகர்ந்து வரும். கோடு கடந்த இடத்தில் பிம்பம் இல்லை, சிற்றலைகள் மட்டும். சில நிமிடங்களில் கன்னத்தில் குளிர்ந்து படும். அதற்காகவே காத்திருந்ததுபோல, கரையில் பட்டத்தோடு நின்ற காற்றுச் சறுக்கு விளையாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நீரில் இறங்குவார்கள். மலோயா காற்று வந்துவிட்டது. சில்ஸில் மதிய உணவை முடித்துக்கொண்டு திரும்பினால், சமேடன் வரை யாரோ முதுகைப் பிடித்துத் தள்ளுவதுபோல இருக்கும்.

சில்ஸுக்கு மேற்கே மலோயா வரை போக ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில்ஸ் ஏரியின் தென்கரையில் இசோலா என்ற குக்கிராமம் வரையிலான வழி குறுகலானது, வேரும் கல்லும் உடையது, நடப்பவர்கள் நிறைந்தது. பல இடங்களில் சைக்கிளைத் தள்ள வேண்டியிருக்கும். இசோலாவிலிருந்து மலோயா வரை அகலமான நல்ல சரளை. மலோயா கணவாயின் கொண்டையூசி வளைவுச் சாலையில் மட்டும் இறங்க வேண்டாம். அது மோட்டார் சைக்கிள்காரர்களின் இடம்.

மூன்றாம் நாள்: வால் ரோசெக்

இருப்பதில் ஒன்றை மட்டும்தான் ஓட்ட நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பொன்ட்ரெசினாவிலிருந்து தெற்கே பிரியும் இந்தப் பள்ளத்தாக்குக்குள் பொதுமக்களின் கார் போக முடியாது. நடந்தோ, சைக்கிளிலோ, குதிரை வண்டியிலோதான் போக வேண்டும். சுமார் 7 கிலோமீட்டர் தூரத்தில் 200 மீட்டருக்குச் சற்று மேல் ஏறி, 1,999 மீட்டர் உயரத்தில் உள்ள பழைய விடுதியில் பாதை முடிகிறது. காடு விலகியதும் எதிரே பனியாறுகள் தெரியும். கிழக்கு ஆல்ப்ஸில் 4,000 மீட்டரைத் தாண்டும் ஒரே சிகரமான பீட்ஸ் பெர்னினா, 4,049 மீட்டர், இந்தப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில்தான் இருக்கிறது.

ஆற்றின் ஒரு கரையில் வண்டிச் சாலையும் மறுகரையில் நடைபாதையும் செல்கின்றன. சைக்கிளுக்கு உரியது வண்டிச் சாலை. இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது குதிரையோடு பழகும் முறை. எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நின்றுவிடுங்கள். பின்னாலிருந்து நெருங்கும்போது மணியடிக்காதீர்கள். குதிரைக்குச் சைக்கிள் சத்தமில்லாமல் வரும் ஏதோ விலங்கு. மனிதக் குரல் கேட்டால் அது அமைதியாகும். தூரத்திலிருந்தே வண்டிக்காரருக்கு உரக்க வணக்கம் சொல்லுங்கள். 'அல்லெக்ரா' என்பது எங்காடினின் வாழ்த்துச் சொல். அவர் திரும்பிப் பார்த்துக் கையசைத்த பிறகு, அகலமான இடத்தில், மெதுவாகக் கடக்க வேண்டும். ஒருமுறை என் முன்னால் சென்ற இளைஞர் வேகமாகக் கடந்ததில், இரட்டைக் குதிரைகளில் ஒன்று தலையை உதறிப் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தது. வண்டியில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், சாலை ஓரத்தில் ஆறு ஓடியது. வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, குதிரையிடம் மெல்லப் பேசிக்கொண்டே இருந்தார்.

காலை ஒன்பது மணிக்குள் ஏறத் தொடங்கினால் கூட்டத்துக்கு முன்பே மேலே போய்விடலாம். இறக்கத்தில் நடப்பவருக்கே முன்னுரிமை என்பதை மறக்க வேண்டாம். கிராவ்புண்டனில் தடைப் பலகை இல்லாத நடைவழிகளில் சைக்கிளையும் அனுமதிக்கும் தாராளம் நீடிப்பது இந்த மரியாதையை நம்பித்தான்.

மற்றவை

அரை நாள் மட்டும் இருந்தால் பேவர் கிராமத்திலிருந்து வால் பேவருக்குள் ஸ்பினாஸ் வரை போய்வரலாம். ரயில் பாதையின் ஓரமாக ஏறும் எளிய வழி. 1903-இல் திறந்த பழைய ஆல்புலா சுரங்கத்தின் வாயிலும், அதன் பக்கத்தில் 2024-இல் திறந்த புதிய சுரங்கத்தின் வாயிலும் முடிவில் இருக்கின்றன. அதற்கு மேல் உள்ள பாதை மலைச் சைக்கிளுக்கானது. பொன்ட்ரெசினாவிலிருந்து மோர்ட்டெராட்ச் நிலையம் வரையிலான காட்டுவழியும் நன்று. நிலையத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்தால், எந்த ஆண்டில் பனியாறு எதுவரை இருந்தது என்று காட்டும் பலகைகளைக் காணலாம். ஷ்சான்ஃபுக்குக் கீழே ஸெர்னெட்ஸ் நோக்கிச் செல்லும் வழி ஏற்ற இறக்கம் மிகுந்தது. புதியவர்கள் ரயிலைப் பிடிப்பது நல்லது. அருகில் எல்லை தொடங்கும் சுவிஸ் தேசியப் பூங்காவில், 1914-இல் அமைக்கப்பட்ட அந்தக் காப்பகத்தில், சைக்கிளுக்கு அனுமதியே இல்லை.

மேய்ச்சல் நிலங்களைக் கடக்கும்போது நாம் திறந்த கதவை நாமே மூடிவிட்டுப் போக வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே நுழையக் கூடாது. இறங்கி, சைக்கிளைப் பசுவின் பக்கமாக வைத்துத் தள்ளிக்கொண்டு, சுற்றிப் போவது பாதுகாப்பு. மின்வேலியின் பிளாஸ்டிக் பிடியைக் கழற்றினால் கடந்ததும் மீண்டும் மாட்டுங்கள். இடி கேட்டால் ஏரிக்கரையையும் வெட்டவெளியையும் விட்டு அருகிலுள்ள ஊருக்கோ நிலையத்துக்கோ வந்துவிட வேண்டும்.

விபத்து நேர்ந்தால் ஆம்புலன்சுக்கு 144, ரேகா என்னும் வான்வழி மீட்புச் சேவைக்கு 1414, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112. அழைப்பதற்கு முன்பு வரைபடச் செயலியைத் திறந்து, நிற்கும் இடத்தின் ஆள்கூறுகளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டின் நடுவில் நின்றுகொண்டு இடத்தை வாயால் விளக்குவது கடினம்.